மூன்று கிலோமீட்டர் தூரம்

2006-இல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. பலன் உண்டா என்று பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பெண்களின் சேர்க்கை 30 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. அதுவும், உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் ஏற்றம் அதிகம். ஆக, அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை இல்லாமல் இல்லை. போகிற வழிதான் தடையாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்களின் எண்ணிக்கையும் கூடியது, ஆனால் சேர்க்கை கூடிய அளவுக்கு இல்லை. திட்டங்களை எடைபோடும்போது நாம் பெரும்பாலும் சேர்க்கைப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறோம். சேர்ந்தவள் என்ன கற்றாள், பாதியில் நின்றவள் ஏன் நின்றாள் என்று அவள் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும்.