விலைக்கு விருந்தோம்பல்

விருந்தோம்பல் விலைபொருள் ஆகுமா? இல்லறத்தாரின் கடமைகளுள் ஒன்றாக அதனைக் கருதிய வள்ளுவர், அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்வறத்தில் கொடுப்பவர் உண்டு. விலை கேட்பவர் இல்லை. இன்றோ, பழைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டு, அதன் சில அறைகளில் பயணிகளுக்குப் படுக்கையும் காலையுணவும் விலைக்கு அளித்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. இத்தொழில் புரிவோரை விருந்தோம்புவோர் எனல் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதற்கண் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். வீடு வாங்கக் கடன், பழுது பார்க்கச் செலவு, நகராண்மைக் கழகத்தின் உரிமம், தீத்தடுப்பு ஏற்பாடு என முதலீடு நீள்கிறது. துணிக்கடையில் இன்று விலைபோகாத துணியை நாளை விற்கலாம்; இன்றிரவு ஆளில்லாது கிடந்த அறையின் வருவாயோ இன்றிரவோடு அழிந்தொழிகிறது. வங்கித் தவணை அதற்காகக் காத்திராது. ஆகவே, வாயிலில் வந்து நிற்கும் மனிதரைப் பணப்பையாகக் காணும் சோதனை விடுதியாளருக்கு நாள்தோறும் நேர்கிறது.

ஜெர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட், 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதரை ஒரு கருவியாக மட்டும் நடத்துதல் ஆகாது என்று நிறுவினார். ஈண்டு ‘மட்டும்’ என்னும் சொல்லே உயிர்நாடி. விருந்தினரால் பொருளீட்டுதல் குற்றமன்று. பொருளீட்டும் கருவியாக மட்டுமே அவரைக் காணுதல்தான் குற்றம். நள்ளிரவில் காய்ச்சலுற்ற பயணிக்கு மருத்துவரை அழைத்தலும், வழி தெரியாதவரை உடன் சென்று பேருந்தில் ஏற்றிவிடுதலும் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. விலை முடியும் அவ்விடத்தில் விருந்தோம்பல் தொடங்குகிறது.

ஆயினும், அறக்கணக்கு வாயிலினுள் நுழைந்தவரோடு முடிந்துவிடுவதன்று. அதே வாயில் வழியே வெளியேறியவரையும் அது சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுன் இதற்குச் சான்றாகும். 1948ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு முன்னர்க் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. அதனை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறியது; 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு அறவே அகன்றது. வாடகை உயரவே, கடைவீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008இல் மலாக்காவுடன் அந்நகரும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின், பழைய வீடுகளை நாடி முதலீட்டாளர் மிகுதியாக வந்தனர். அவற்றுட் பல தங்குவிடுதிகளாயின.

சட்டம் இடந்தந்ததன்றோ, வாங்கியவர்மீது பழி எங்ஙனம் சாரும் எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. பாழடைந்து இடிந்து விழவிருந்த கட்டடங்கள் சிலவற்றைக் காத்தவர்களும் விடுதியாளர்களே. எனினும், செய்யலாகும் எல்லையைச் சட்டம் காட்டுமேயன்றிச் செய்யத்தக்கது இதுவென்று அது கூறுவதில்லை. வீட்டை வாங்குமுன் அங்கு வாழ்வோர் யாவரென்று வினவுதல், அவர்கள் மாற்றிடம் தேடக் காலமும் பொருளும் அளித்தல், காலையுணவை அத்தெருவிலுள்ள சமையற்காரரிடமே வாங்குதல், வேலைக்கு அக்கம்பக்கத்தாரை அமர்த்துதல் ஆகியன வாங்குவோரின் கைக்கு எட்டியவையே.

தொலைவிலிருந்து வரும் அயலாரை முகமலர்ந்து வரவேற்கும் ஒருவர், அருகிலிருந்த அயலாரை முகம் பாராமல் அனுப்பியிருப்பாராயின், அவ்வரவேற்பு வணிகத் திறமையேயன்றி விருந்தோம்பல் ஆகாது. இருவரையும் மனிதராகவே மதிப்பவர் விலை பெற்றாலும் விருந்தோம்புவோரே ஆவர்.