நல்லெண்ணம் போதுமா?

1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். எழுதப்பட்டபோது அதில் நான்கே பிரிவுகள். முதலாவது சட்டத்தின் பெயரைச் சொல்வது. கொள்ளை நோய் பரவும்போது தேவையென்று கருதும் எந்த நடவடிக்கையையும் அரசு எடுக்கலாம் என்பது இரண்டாவது. கீழ்ப்படியாதவர்களுக்குத் தண்டனை உண்டு என்பது மூன்றாவது. இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த எதற்காகவும் யார்மீதும் வழக்குப் போட முடியாது என்பது கடைசி. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நம் மாநிலங்கள் முதலில் கையில் எடுத்த சட்டம் இதுதான்.

அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது. அடைத்து வைக்கப்படுகிறவருக்குச் சோறு யார் போடுவது? பிழைப்பை இழந்தவருக்கு என்ன வழி? அரசு மக்களுக்குச் செய்தாக வேண்டியது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது 'நல்லெண்ணம்' என்ற ஒரே சொல். ஒரு தேசத்தின் திட்டத்துக்கு அந்தச் சொல் போதுமா என்பதே என் கேள்வி.

சட்டம் பிறந்த கதை நமக்குத் தெரியும். 1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தென்பட்டது. அடுத்த பிப்ரவரியில் சட்டம் வந்தது. பூனாவில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அடுப்படிக்கும் பூசையறைக்கும் பூட்ஸ் காலோடு வந்ததாகவும் பெண்களை அவமதித்ததாகவும் ஊர் கொதித்தது. ஜூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழா இரவில், ராண்ட் சுடப்பட்டார். சாபேகர் சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள்.

ராண்டிடம் நல்லெண்ணம் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். பிளேக் பொய்யல்ல, ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த நல்லெண்ணத்தின் கண்ணுக்குப் பூனாவாசி காப்பாற்றப்பட வேண்டிய ஆளாகத் தெரியவில்லை, நோயைச் சுமந்து திரியும் உடம்பாகவே தெரிந்தார். நல்லெண்ணத்தோடு இருக்கும் சிக்கலே இதுதான். அது யாரை மனதில் வைத்திருக்கிறது என்பதை அதுவே சொல்லாது.

2020 மார்ச் 24, இரவு எட்டு மணி. நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்படும், 21 நாள் வீட்டிலேயே இருங்கள் என்று பிரதமர் அறிவித்தார். புதிய கிருமி, மருத்துவமனைகளுக்கு அவகாசம் வேண்டும் என்ற நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் "வீட்டிலேயே இருங்கள்" என்ற சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு வீடு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மூன்று வாரத்துக்கு அரிசி வாங்கக் காசு இருக்கிறது. கட்டுமான இடத்திலேயே படுத்துத் தூங்கி, அன்றன்றைய கூலியில் சாப்பிடுகிறவர் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அவர்கள் ஊர் நோக்கி நடந்தார்கள். மே 8 அதிகாலையில் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது.

"நல்லதுக்குத்தானே சார் செஞ்சாங்க, யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?" இதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குத் தனியாக முடிவெடுக்கும் பணி மருத்துவருக்கு இந்த வாதம் பொருந்தும். பதற்றத்தில் எடுத்த முடிவை எண்ணத்தை வைத்து மதிப்பிடுவது நியாயம். திட்டத்துக்கு அது பொருந்தாது. திட்டம் என்பதே நோய் வருவதற்கு முன்னால், நிதானமாக உட்கார்ந்து எழுதுவது. நிதானமாக எழுதியதில் ஒருவர் விடுபட்டுப் போனால், அவசரத்தின்மீது பழிபோட முடியாது. அவர் முன்பே கணக்கில் இல்லை என்றுதான் பொருள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. ஊரே நோயில் கிடக்கும்போது ஒவ்வொரு அதிகாரியும் கோர்ட்டுக்குப் பயந்துகொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது. உண்மைதான். கடமையைச் செய்த சுகாதார ஆய்வாளருக்கும் செவிலியருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் ஊழியரை வழக்கிலிருந்து காப்பது வேறு, அரசைக் கடமையிலிருந்து விடுவிப்பது வேறு. 1897ஆம் ஆண்டுச் சட்டம் முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கடமையை எழுத முடியாதா என்றால், எழுதியிருக்கிறோம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீரையும் வடிகாலையும் உள்ளாட்சிகளின் பொறுப்பாக வைத்துப் பேசுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 12ஆம் பிரிவு இருந்தது. நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளைத் தேசிய ஆணையம் வகுக்க வேண்டும் என்றது அது. உயிரிழப்புக்கான உதவித் தொகையும் அதில் அடக்கம். 'வேண்டும்' என்றிருப்பதை 'வகுக்கலாம்' என்றே கொள்ள வேண்டும் என்று ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் வாதிட்டுப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று, 'வேண்டும்' என்றால் வேண்டும்தான், அது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் கிடைத்தது அதன் பிறகுதான்.

போன உயிருக்கு அந்தப் பணம் ஈடாகாது. ஆனாலும் அந்தக் குடும்பங்கள் யாருடைய தயவுக்காகவும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. எப்போதோ ஒருவர் அமைதியான நாளில் எழுதி வைத்த ஒரு வினைச்சொல் அவர்களுக்காக வாதாடியது.

அடுத்த கொள்ளை நோய்க்கான திட்டம் வரும்போது படுக்கைகளின் எண்ணிக்கையையும் ஆக்சிஜன் கணக்கையும் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். நான் முதலில் தேடப்போவது வேறொன்று: 'வெளியே வராதே' என்று சொல்லும் பக்கத்திலேயே, வர முடியாதவரின் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா?