குருதி குடித்தவர் யார்?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாயிலிலே மாணவரை வரிசையாக நிறுத்தி, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலே தொங்கியதையும், 1801 மே 24-இல் கோட்டை வீழ்ந்ததையும், பின் அது தரைமட்டமாக்கப்பட்டதையும் உருக்கமாக எடுத்துரைத்துக் கொண்டிருந்தேன். உருக்கம் எனக்குத்தான்! பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், இங்கே பேய் உண்டா?" எல்லோரும் சிரித்தனர். "இது 1974-இல் அரசு கட்டிய கோட்டையப்பா, பேய் குடியேற வயது போதாது" என்று நானும் சிரித்தேன்.

பேய்க்கோட்டை காண ருமேனியா நாட்டுக்குக் கடல் கடந்து போகிறவர் பல்லாயிரவர். 'டிராகுலா' எனும் நாவலை 1897-இல் எழுதிய பிராம் ஸ்டோக்கர் அந்நாட்டைக் கண்ணாலும் கண்டவரல்லர். பிரான் கோட்டையோ, 1377-இல் ஹங்கேரி மன்னன் லூயி இசைவளிக்க, பிரசோவ் நகரத்தார் எல்லைக் காவலுக்கென எழுப்பியது. பொய்க்கதை போய் ஒட்டிக்கொண்டது; நுழைவுச்சீட்டு விற்கிறது! ஆயினும் தோழர்களே, அந்தப் பொய்யிலும் ஒரு நேர்மை உண்டு. குருதி குடிப்பவன் கோட்டைக்குள்ளே கொலுவிருக்கும் பிரபு. குருதி கொடுப்பவர், கீழே குடிசையிலே வாழும் ஊரார்.

நம் பொருநைக் கரையிலே கதை தலைகீழ். இங்கே கொன்றவன் பேயாவதில்லை, கொல்லப்பட்டவரே பேயாகிறார். கருவுற்ற நிலையிலே கொலையுண்ட பெண், பேற்றிலே மடிந்த பெண், இசக்கி ஆகிறாள். ஆட்டுக் குருதி கேட்கிறாளாம், குழந்தையைக் கொண்டுபோகிறாளாம்! சாதியை உதறிச் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு காக்கும் போரிலே மாண்ட முத்துப்பட்டனுக்குக் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலிலே வழிபாடு நடக்கிறது. 1809-இல் திருவிதாங்கூர் அரணைப் பிடித்த போரிலே படுகாயமுற்று இறந்த ஆங்கில அதிகாரி ஒருவனுக்கும், மதுவும் சுருட்டும் படைத்து வணங்கினர் என்று கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். படையெடுத்து வந்தவனுக்குச் சுருட்டு! பரந்த உள்ளந்தான்!

இந்தக் கதைகளிலே எனக்கு உறுத்துவது ஒன்று. கொலை செய்தவன் என்ன ஆனான்? அவன் வீடு கட்டினான், பிள்ளை பெற்றான், பீடத்துக்கு ஆடு வெட்டினான், நல்லவனாகவே செத்தான். மாண்டவளுக்கோ மறுபடியும் பழி: அவள் இரத்தவெறி கொண்டவள்! அச்சத்துக்கு உருவம் கொடுத்தோம். குற்றத்துக்கு முகம் கொடுக்க மறந்தோம். சரி, பேயே இல்லை என்கிறோம் நாம். உண்மை, முழு உண்மை. ஆனால் பேயை விரட்டும் வேகத்திலே, அவள் எப்படிச் செத்தாள் என்ற கேள்வியையும் சேர்த்தே விரட்டிவிடுகிறோமா?

இந்த ஐயம் எனக்கு நூல் படித்து வந்ததன்று. திரும்பும் வழியிலே, பேருந்தில் என் அருகே வந்து நின்றாள் ஒரு மாணவி. அன்று காலை வகுப்பிலே, பீடத்துக்குச் சேலை சாத்துகிறவரை அறிவிலிகள் என்று நான் முழங்கியிருந்தேன்.

"சார், எங்க பெரியம்மாதான் எங்க வீட்டு இசக்கி. பேய் இல்லைன்னா, அவங்க யாரு?"

மெல்ல மெல்லச் சொன்னாள். மூன்று நாள் வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையாம். முதல் இரண்டும் பெண்ணாம். இதுவும் பெண்ணானால் செலவு வீணென்று வீட்டிலே ஒருவர் சொன்னாராம். ஆச்சி மட்டும் ஆண்டுதோறும் ஒரு சேலை எடுத்து வைக்கிறாளாம்; பெயரை வாய்விட்டுச் சொல்லி அழுகிறாளாம்.

அந்த வீட்டிலே அவள் பெயர் ஒலிப்பது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத்தான் நான் காலையிலே எள்ளி நகையாடியிருக்கிறேன்! அறிவிலி என்றேனே, யாரை? மறவாதிருக்கும் கிழவியை. செலவு வீணென்ற மனிதரைப் பற்றி என் முழக்கத்திலே ஒரு சொல்லும் இல்லை.

"பேய் இல்லை, அம்மா. பெரியம்மா இருந்தார்கள்" என்றேன். அதற்குமேல் வாய் எழவில்லை.

அடுத்த வாரம் ஒரு தாளை என் மேசைமீது வைத்துப் போனாள். பெரியம்மாவின் பெயர், இறந்த ஆண்டு, அந்த மூன்று நாளும் வீட்டிலே இருந்தவர்களின் பெயர்கள். ஆச்சியிடம் கேட்டு எழுதியது. இந்த ஆண்டும் சேலை எடுப்பார்களா என்று நான் கேட்கவில்லை.