விதி பெரிதா, அயலார் பெரிதா?

பலர் சேர்ந்து வாழும் இடத்தில் விதி இன்றி முடியாது. ஒரே படிக்கட்டை மிதித்து, ஒரே சுவரின் இரு பக்கங்களிலும் தலைசாய்த்து வாழ்கிறவர்கள், எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தங்களுக்குள் உடன்பட்டுக்கொள்வது அறிவுடைமை. ஆனால், அந்த விதியே ஒருவரது வீட்டுக்குள் நுழைந்து, அவர் அன்போடு வளர்க்கும் உயிரை வெளியேற்றச் சொன்னால்? கொடுத்த வாக்கைக் காப்பதா, அண்டி வாழும் உயிரைக் காப்பதா? அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்வி ஒரு முறை உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கல்வர் சிட்டி என்னும் ஊரில், 530 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே வீடு வாங்குகிறவர் தம் வீட்டுக்குத் தனி உரிமையாளர். பொது இடங்களுக்கு மற்றெல்லாரோடும் கூட்டுரிமையாளர். நிர்வாகம் உரிமையாளர் சங்கத்தின் கையில். மீனும் பறவையும் வளர்க்கலாம், நாயும் பூனையும் கூடாது என்பது பதிவு செய்யப்பட்ட நிபந்தனை. 1988-இல் ஒரு பெண்மணி மூன்று பூனைகளோடு அங்கே குடிவந்தார். சங்கம் பூனைகளை அகற்றச் சொன்னது. மாதந்தோறும் அபராதமும் விதித்தது. பூனைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன, எவருக்கும் தொல்லையில்லை, இப்படியொரு விதி இருந்ததே வாங்கும்போது தமக்குத் தெரியாது என்று கூறி அவர் வழக்குத் தொடுத்தார்.

1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே நின்றது. பதிவு செய்யப்பட்ட நிபந்தனை நியாயமானதா என்பதை முழுக் குடியிருப்பையும் மனத்தில் கொண்டே பார்க்கவேண்டும். ஒவ்வொருவருடைய தனிச்சூழலையும் வைத்து அளக்கலாகாது என்றது. ஆர்மண்ட் அரேபியன் என்னும் நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். வளர்ப்புப் பிராணிகள் மனிதருக்குத் தரும் ஆறுதலை அவர் எடுத்துக்காட்டினார். நான்கு சுவருக்குள் அமைதியாய் வாழும் பூனையால் யாருக்கு என்ன கேடு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதை நாம் மறுக்க முடியாது. பூனை மயிர் பட்டாலே மூச்சுத் திணறுகிற ஒருவர், நாயைக் கண்டு நடுங்கும் முதியவர் ஒருவர், அந்த விதியை நம்பியே அங்கு வீடு வாங்கியிருக்கலாம். அவர்களுடைய நம்பிக்கையும் மதிக்கத்தக்கதே. ‘என் பூனை சாது’ என்று ஒவ்வொருவரும் தனிவிலக்குக் கேட்டால் விதி என்ற ஒன்றே மிஞ்சாது. ஆனால், குடியிருப்பு முழுவதையும் பார்க்கிற பார்வையில் ஒரு மனிதரின் தனிமை மறைந்து போகவும் கூடும்.

இந்தச் சிக்கலைப் புனித தோமா அக்குவினாஸ் நன்கு அறிந்திருந்தார். ஒப்படைத்த பொருளை உரியவர் கேட்கும்போது திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். உரியவர் சித்தம் கலங்கிய நிலையில் வந்து தம் வாளைக் கேட்டால்? கொடுத்தல் தீது என்கிறார் அவர். பொதுவாக நிகழ்வதை மனத்தில் கொண்டே சட்டம் இயற்றப்படுகிறது. அதன் எழுத்து அதன் நோக்கத்துக்கே மாறாகும்போது நோக்கத்தைப் பின்பற்றுவது ஒரு நற்பண்பு. ஆயினும், ஐயத்துக்கிடமான வேளையில் அவரவர் விருப்பப்படி எழுத்தை ஒதுக்கிவிட அவர் இடம் தரவில்லை. அதிகாரம் உடையோரின் முடிவு வேண்டும் என்கிறார். ஆகவே, விதியை அறிந்தும் பூனையை ஒளித்து வளர்ப்பவர் அக்குவினாசைத் துணைக்கு அழைக்க முடியாது. விதியின் நோக்கம் என்ன என்று எண்ணிப் பாராமலே அபராதச் சீட்டு அனுப்பும் சங்கமும் அழைக்க முடியாது.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இரு பக்கத்தையும் எச்சரிக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்கு அளித்தலாகாது. நாயைக் கொஞ்சிவிட்டு, அதன் குரைப்பால் உறக்கமிழந்த அடுத்த வீட்டாரை ஏசுகிறவருக்கு இது நல்ல பாடம். சங்கத்துக்கும் ஒரு பாடம் விவிலியத்தில் உண்டு. இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையில், ஏழை தன் உணவைப் பகிர்ந்து, மடியில் கிடத்தி, மகளைப் போல் வளர்த்த ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொள்கிறான். சங்கம் அந்தச் செல்வன் அல்ல. ஆயினும், ஒரு சிற்றுயிரை இழப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய இழப்பாகலாம் என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது.

அப்படியானால் வழி என்ன? மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வரிசைமுறையைக் கற்பிக்கிறார். முதலில் தனியே சென்று பேசு. கேளாவிடில் ஓரிருவரை அழைத்துச் செல். அதன் பின்னரே சபையிடம் கூறு. நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம். முதலில் புகார், அடுத்து அபராதம், பிறகு வழக்கு; பேச்சு என்பது இல்லவே இல்லை.

கலிபோர்னியாவின் சட்டமே பின்னாளில் இந்த வரிசையை நோக்கித் திரும்பியது. 2001 முதல் எழுதப்படும் அல்லது திருத்தப்படும் குடியிருப்பு விதிகள், நியாயமான கட்டுப்பாடுகளோடு ஒரு வளர்ப்புப் பிராணியையாவது அனுமதிக்கவேண்டும் என்றானது. உரிமையாளருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு எழுந்தால் அமர்ந்து பேசுவதற்குக் கட்டணமற்ற ஒரு முறை இருக்கவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

அடுக்குமாடி வாழ்வு நம் நகரங்களிலும் பெருகிவிட்டது. பிணக்கும் கூடவே வந்திருக்கிறது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு, நாய் அசுத்தம் செய்த படிக்கட்டைத் துடைக்காமல் போகிறவர் சட்டத்தில் வெல்லலாம், அயலாரை இழந்துவிடுவார்.

அயலார் ஒருவரையொருவர் வருத்தாதிருக்கவே விதி பிறந்தது. வளர்ப்பவர் கொடுத்த வாக்கை மதித்து, மாற்றம் வேண்டுமெனில் அதை வெளிப்படையாகக் கேட்கட்டும். சங்கத்தார் எழுதுகோலை எடுக்குமுன் ஒரு முறை கதவைத் தட்டட்டும். எந்தக் கூட்டத்திலும் வாக்கில்லாத, எந்த நிபந்தனையிலும் கையொப்பமிடாத வாயில்லா உயிர் ஒன்று அந்தக் கதவுக்குப் பின்னே இருக்கிறது. நம் பிடிவாதத்துக்கு அது விலை கொடுக்க வேண்டாம்.