தரை சுடுதா?

பங்குனி மாதத்து உச்சிவெயிலில் நார்த்தாமலை மாரியம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தார்ரோட்டின் சூடு தெரியும். ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே கால்வைத்து ஓடுவோம். யாராவது வீட்டு வாசலில் நின்று குடத்துத் தண்ணீரை ரோட்டில் ஊற்றினால் அவர்கள் குலம் தழைக்கட்டும் என்றிருக்கும். சில வருடங்களுக்கு முன்பு அப்படி நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் காவடியோடு நடுரோட்டில் நிதானமாக வந்தார்.

"சுடலையாப்பா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் ஆத்தா பாத்துக்கிறா."

கூட வந்த அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் சிலிர்த்தது.

வீடு திரும்பியதும் என் மகள்தான் கேட்டாள், "தாத்தா, கால் கழுவிட்டுத் தொடைக்கலையா?" சிவப்புச் சிமெண்டுத் தரையில் வரிசையாக ஈரத்தடம். காலைப் புரட்டிப் பார்த்தோம். கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. அப்பா அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரையைச் சில நாள் போடுவார், சில நாள் மறந்துவிடுவார். கேட்டால், "சுகர் இருக்கு, ஆனா என்னை ஒண்ணும் பண்ணல" என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

காலைக் காட்டப் போனபோது டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை அது. "தொட்டா சொல்லுங்க" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். டாக்டர் அதற்குள் உள்ளங்கால் முழுக்கத் தொட்டு முடித்திருந்தார்.

ரத்தத்தில் வருடக்கணக்காகச் சர்க்கரை கூடியிருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகளில்தான் முதல் அடி விழும். அதனால்தான் கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை மாட்டியதுபோல மரமரப்பு மேலே ஏறுகிறது. கண்ணில் விழித்திரையின் குழாய்கள் கசியத் தொடங்கினாலும் வெகுநாள் பார்வை தெளிவாகவே இருக்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும்போதும் வலி இருக்காது. சிலருக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வந்துபோகிறது.

வலி இல்லாததே ஆபத்து என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் கொல்லிமலையில் பிறந்தவர். பெயர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊரே நம்பியிருந்த காலத்தில், உணர்ச்சி போனதால் தெரியாமல் படும் காயங்களும் சூடுகளும்தான் அவற்றைத் தின்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். 1966இல் அமெரிக்கா போன பிறகு, அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார். இன்று அப்பா போட்டிருக்கும் மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பும் முதலில் தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்ததுதான்.

அப்பாவின் புண் ஆற நான்கு மாதம் ஆனது. பக்கத்து விரல் ஒன்றையும் எடுக்க வேண்டிவந்தது. அந்த நான்கு மாதமும் என்னை அரித்தது ஒரே கேள்வி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எப்படி எங்கள் கண்ணில் படாமல் போனது? வருடா வருடம் பொங்கலன்று அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கியிருக்கிறேன். அந்த உள்ளங்காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

முனகுகிறவர்களைத்தான் நாம் கவனிக்கிறோம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது நம் வீட்டுச் சட்டம். அப்பாவின் கால் அழாத பிள்ளையாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு ஒருமுறைகூடச் சர்க்கரை பார்த்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்ற சொல்லோடு அவரையும் விட்டுவைத்திருந்தோம்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். 2021 முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் வருடம் ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரையும் சோதிக்கக் கூட்டிப்போகவும், ராத்திரி பாதத்தைப் புரட்டிப் பார்க்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும்.

இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கட்டிலில் கால் நீட்டுவார். விரலிடுக்கு, குதிகால், வெடிப்பு என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். முதலில் கூசினார். "மகன் கையில காலைக் குடுக்கிறது நல்லாவா இருக்கு?" இப்போது மறந்தால் அவரே கூப்பிடுகிறார்.

போன பங்குனிக்கும் நார்த்தாமலை போக வேண்டும் என்றார். நடை வேண்டாம் என்றதும் முகம் சுருங்கியது. கடைசியில் பஸ்ஸில் போனோம். செருப்பு விடும் இடத்தில் நின்று எதிரே தெரிந்த சிமெண்டுத் தரையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தரை சுடுதா, பாரு."

நான் செருப்பைக் கழற்றி வைத்து நாலடி நடந்தேன்.

"சுடுதுப்பா."

"அப்ப செத்த நேரம் இருப்போம். வெயில் எறங்கட்டும்" என்று செருப்புக் காலோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.