கொத்துரொட்டியும் தெரிவுச் சுதந்திரமும்

கடையுணவை உண்போர் தம் இதயத்தைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்று மருத்துவர் கூறும் அறிவுரைகள் பெரும்பாலும் சரியானவையே. கொத்துரொட்டியிற் பாதியை மட்டும் உண்க. மேலும் குழம்பு கேளாதிருக்க. சோடாவை விடுத்துச் சீனியில்லாத வெறுந்தேநீர் அருந்துக. பொரித்த ரோல்ஸினும் அவித்த கடலை நன்று. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே வளர்ந்தோருக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. இவற்றுள் மறுப்பதற்கு ஏதுமில்லை. ஆயினும் இவ்வறிவுரைகளின் அடியில் ஒரு தத்துவம் ஒளிந்து நிற்கிறது. உண்பவன் சுதந்திரமானவன், அவன் முன் பண்டங்கள் பல உள, நோயுற்றானாயின் தவறியது அவனது மனவுறுதியே என்பதுதான் அது.

இத்தத்துவத்தைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டு செல்வோம். 1978இல் அங்கு தோன்றிய வலயத்தின் பெயரிலேயே ‘சுதந்திரம்’ இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடித்து இரவில் வெளிவரும் பெண், பலர் நெருங்கி வாழும் வாடகை அறைக்குத் திரும்புகிறாள். அடுப்புக்கு முறை காத்திருக்க வேண்டும். காய்கறி வாங்க நேரமில்லை. விடிந்தால் மீண்டும் வேலை. வழியில் விளக்கெரியும் கடையிலோ தகடு தாளமிடுகிறது. அவள் கொத்துரொட்டியைத் ‘தெரிவு செய்கிறாள்’ என்பது இலக்கணப்படி பிழையற்ற வாக்கியம். அவ்வளவே. அந்த ரொட்டியின் மாவும் கோதுமை விளையாத இத்தீவுக்குக் கப்பலில் வந்த தானியத்திலிருந்து அரைபட்டது. நம் நாவின் சுவையிற்கூட வணிகத்தின் வரலாறு படிந்திருக்கிறது.

அறிவூட்டினாற் போதும் என்பாரும் உளர். 2016இல் இந்நாட்டில் இனிப்புப் பானங்களின் போத்தல்களுக்கு நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியிருந்தால் சிவப்பு. நல்ல முயற்சிதான். ஆனால் கொத்துத் தகட்டுக்கு எந்த நிறமும் இல்லை. அதில் ஊற்றப்படும் எண்ணெய் எத்தனை முறை கொதித்தது என்பதை உண்பவர் எங்ஙனம் அறிவார்?

அறிவுரையே தவறிய கதையும் உண்டு. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் உருளைக்கிழங்குப் பொரியலை மாட்டுக் கொழுப்பிற் பொரித்துவந்தது. இதயத்துக்குத் தீங்கு என்ற கண்டனம் வலுக்கவே 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறிற்று. மக்கள் நிம்மதியடைந்தனர். ஆனால் அக்காலத்திற் பொரிப்பதற்குப் பெரிதும் பயன்பட்டது பகுதியாக ஐதரசனேற்றிய எண்ணெய். அதிலுள்ள திரான்ஸ் கொழுப்பு, தீய கொலஸ்ரரோலை உயர்த்துவதோடு நல்லதையும் தாழ்த்துவது. சிந்தித்துத் தெரிந்தவரும் ஏமாந்தனர். டென்மார்க் 2003இல் வேறு வழியை மேற்கொண்டது. உணவிலுள்ள கொழுப்பில், தொழில்முறையில் உருவாகும் திரான்ஸ் கொழுப்பு 2 வீதத்துக்கு மேற்படலாகாதெனச் சட்டமியற்றியது. அதன்பின் கடை வாசலில் நின்று இதுபற்றிச் சிந்திக்கும் சுமை எந்தத் தொழிலாளிக்கும் இருக்கவில்லை. இது தனிமனித சுதந்திரத்திற் கைவைப்பதாகும் என்று சிலர் முறையிடுவர். தாம் உண்பது இன்னதென்று அறியாதவரிடமிருந்து பறிப்பதற்கு எந்தச் சுதந்திரம் இருந்தது?

இவ்விடத்தில் நம்மவர் சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் அமைப்பின் குற்றம் எனக் கூறிக்கொண்டே ஆசிரியர் ஓய்வறையில் இரண்டாவது ரோல்ஸை எடுக்கும் தோழர்களை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவன். சமுதாய மாற்றம் வரும்வரை இரத்தக் குழாய் பொறுத்திருக்காது. இந்நாட்டின் மரணங்களில் ஐந்தில் நான்கு தொற்றா நோய்களால் நிகழ்பவை. மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் உள்ள நமக்குத் தெரிவுக்கு இடமுண்டு. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் அவளது நிலையை நமக்குச் சாட்டாகக் கொள்வது நேர்மையன்று. தேங்காயெண்ணெய் நம்முடையது, ஆகவே தீங்கற்றது என்னும் வாதமும் அத்தகையதே. அதன் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. இதயம் தேசாபிமானம் அறியாது.

வலயப் பெண்ணின் நிலை வேறு. அவளுக்கு வேண்டியது கடலை பற்றிய போதனையன்று. அந்தக் கடலை வேலைத்தலச் சிற்றுண்டிச்சாலையில் மலிவாகக் கிடைப்பதும், சமைத்துண்ண ஒரு மணி நேரம் மிஞ்சுவதுமாகும். இவையும் கூலியைப்போற் கோரிப் பெறவேண்டியவை. தொழிற்சங்கக் கூட்டங்கள் பலவற்றில் இருந்திருக்கிறேன். வேதனம் பற்றிப் பேசினோம், மேலதிக நேரம் பற்றிப் பேசினோம். சிற்றுண்டிச்சாலைச் சட்டியிலுள்ள எண்ணெய் எத்தனை நாட் பழையது என்று எவரும் எழுந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை.