தூண் தாங்கிய பாரம்

பழைய கட்டிடம் ஒன்றைப் புகழும்போது நாம் எதனைப் புகழ்கின்றோம்? அதன் செங்கல்லையா, அதனை அமைத்தவனின் அறிவையா, அல்லது அதன் சுவர்களுக்குள்ளே நடந்த வாழ்க்கையையா? கோயில்களையும் அரண்மனைகளையும் குறித்து இவ்வினாவை எழுப்புவோர் பலர். தொழிற்சாலையைக் குறித்து எழுப்புவோர் சிலரே. இங்கிலாந்தின் ஷ்றூஸ்பரி நகரத்தில் இன்றும் நிற்கின்ற செங்கல் ஆலை ஒன்றை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

1796, 1797 ஆம் ஆண்டுகளில் எழுந்த இந்த ஐந்து மாடிக் கட்டிடம் ஆளிச்செடி நாரை நூலாக நூற்பதற்கென அமைக்கப்பட்டது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு இது நீண்டதொரு செங்கற் சுவர், அவ்வளவே. புதுமை உள்ளே இருக்கிறது. தூண், விட்டம் ஆகிய இரண்டுமே இரும்பாலான முதற் கட்டிடம் உலகில் இதுவே என்பர். இன்று வானளாவி நிற்கும் மாடங்களின் பாட்டன் என்று இதனை அழைப்பதும் அதனாலேயே.

இரும்பு ஏன் வந்தது? அழகை நாடி வரவில்லை, அச்சத்தால் வந்தது. அக்காலத்து ஆலைகள் வெளியே செங்கல்லும் உள்ளே மரமுமாக இருந்தன. மரத்தளத்தில் எண்ணெய் ஊறியிருக்கும்; நாரின் தூசி காற்றில் மிதக்கும்; வெளிச்சத்துக்கோ சுடர்விளக்கு. ஒரு பொறி போதும். இலண்டனிலே பெரும் மாவாலையாகிய அல்பியன் ஆலை 1791 இல் எரிந்தது. லீட்ஸ் நகரில் ஜோன் மார்ஷல் என்னும் முதலாளியின் ஆளிநார் ஆலை 1796 இல் எரிந்தது. அந்த மார்ஷலும் அவருடைய பங்காளிகளும் ஷ்றூஸ்பரியில் எழுப்பியதே நாம் பேசும் ஆலை.

அதனை வரைந்தவர் சாள்ஸ் பேஜ். அவரது தொழில் வைன் வியாபாரம் என்பது சுவையான செய்தி. அவருக்கு முன்னர் வில்லியம் ஸ்றட் என்பவர் டார்பி நகர ஆலையில் இரும்புத் தூண்களை நிறுத்தியிருந்தார். ஆயின் விட்டங்கள் மரமாகவே இருந்தன. பேஜ் விட்டத்தையும் வார்ப்பிரும்பாக்கினார். விட்டத்திலிருந்து விட்டத்துக்குச் செங்கல் வளைவுகளைக் கட்டி, அவற்றின்மேல் தளத்தை இட்டார். தூண்களின் குறுக்குவெட்டு சிலுவை வடிவானது. நடுவிலே அவை சற்றுப் பருத்திருக்கும். மெல்லிய தூண் வளையுமானால் நடுவிலேதான் வளையும் என்பதை அவர் கண்டிருந்தார். இவ்வளவு இரும்பு இவ்வளவு சுமையைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அக்கணக்கை ஸ்றட்டுக்குக் கடிதமாகவும் எழுதினார். வெளிச்சுவர் மட்டும் பழைய முறைப்படி தன் பாரத்தைத் தானே சுமந்தது. அச்சுவரின் செங்கற்கள் வழக்கத்திலும் பெரியவை. அந்நாளில் செங்கல்லுக்கு எண்ணிக்கைப்படி வரி. பெரிய கல்லானால் எண்ணிக்கை குறையும். வரி விதிப்பவனும் ஒருவகையிற் கட்டிடக் கலைஞனே போலும்!

கட்டிடக் கலை நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. நாம் இன்னும் ஒரு படி உள்ளே போகவேண்டும்.

ஆலைக்குள் வேலை செய்தோரில் பலர் சிறுவர். ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்புடைய பங்குகளிலிருந்து பயிலுநர் என்ற பெயரில் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். 1812 அளவில் அவர்களுக்கென ஆலையருகே ஒரு விடுதியும் கட்டப்பட்டது. 1832 இல் ஆலைச் சிறுவர் நிலையை விசாரித்த பாராளுமன்றக் குழுவின் முன் ஜொனதன் டவுன் என்பவர் சாட்சி சொன்னார். ஏழு வயதில் ஷ்றூஸ்பரியிலுள்ள மார்ஷலின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தூக்கத்தில் தலைசாயும் பிள்ளையைக் கங்காணி தோளிலே தொட்டு அழைப்பானாம். மூலையிலிருந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டியில், காலைப் பிடித்துத் தலைகீழாக அமிழ்த்துவானாம். பின் வேலைக்கு அனுப்புவானாம்.

தூணும் இரும்பு. தொட்டியும் இரும்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'கட்டிடம் என்ன பாவம் செய்தது? அது தீயிலிருந்து அந்தப் பிள்ளைகளையும் அல்லவா காத்தது?' இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. மரத்தளம் எரிந்திருந்தால் மேல்மாடியில் நின்ற சிறுவனுக்கு இறங்க வழியிருந்திராது. இரும்பு அவனையும் காத்தது உண்மை. ஆயினும் அவனைக் காப்பதற்காக அது வார்க்கப்படவில்லை. இயந்திரத்தையும் முதலையும் காக்க எழுந்த கூரையின் கீழே அவனும் இருந்தான். கருதாமற் செய்த நன்மை நன்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. அதனை அறம் என்று அழைக்கத்தான் நமக்கு நா எழவில்லை.

'அக்கால நியாயம் வேறு' என்பது இன்னொரு மறுப்பு. யாருடைய நியாயம் என்று கேட்கவேண்டும். தொட்டிக்குள் அமிழ்த்தப்பட்ட பிள்ளைக்கு அது கொடுமை என்று அன்றே தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டாகிய 1833 இல், ஒன்பது வயது நிரம்பாதோரை இத்தகைய ஆலைகளில் அமர்த்தலாகாதெனச் சட்டமும் வந்தது. இரும்புத் தூண் எவ்வளவு தாங்கும் என்று நுணுகிக் கணித்த ஒரு காலம், ஏழு வயது உடல் எவ்வளவு தாங்கும் என்று கணிக்க இயலாதிருந்தது என்பதை நாம் ஏற்கமாட்டோம். கணிக்கும் தேவை அதற்கு இருக்கவில்லை. தூண் முறிந்தால் முதலாளிக்கு நட்டம். பிள்ளை முறிந்தால் வேறொரு பிள்ளை.

1886 இல் நூற்பு நின்றது. 1897 இல் ஆலை வேறு கைக்கு மாறி, பார்லியை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்தும் இடமாயிற்று. அத்தொழிலுக்குச் சாளரங்கள் வேண்டாதவை. பெரும்பாலானவற்றைச் செங்கல்லிட்டு அடைத்தனர். அவ்வாண்டு விக்டோரியா அரசியின் வைரவிழா ஆண்டு. ஆகவே கோபுர உச்சியில் முடிபோன்ற ஓர் அலங்காரமும் ஏறியது! இரண்டாம் உலகப்போரில் படைவீரர் தங்கினர். 1987 இல் எல்லாம் ஓய்ந்து, புறாக்களும் மழையும் குடியேறின. 2005 இல் பொது நிறுவனம் ஒன்று அதனை வாங்கி நெடுங்காலம் செப்பனிட்டது. 2022 இல் ஆலை மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அடைத்த சாளரங்கள் பலவற்றையும் இப்போது திறந்துவிட்டனர். உள்ளே செல்பவர் அந்த வெளிச்சத்திலே சிலுவைத் தூண்களைக் காண்பர். நாமும் அவற்றைக் கண்டு வியக்கத்தான் போகின்றோம். வெளியே வந்ததும், அதே வளவில் நிற்கும் பயிலுநர் விடுதியையும் பார்த்துவிட்டு வருவோம். அங்கிருந்து ஆலைவாயில் சிறு பிள்ளைக்கும் எட்டும் தூரந்தான்.